ஊரார் அப்பா

பிப்ரவரி 3

சிட்டு அப்பாவுக்கு,

வணக்கம். நானும் சிட்டுவும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுத வேண்டும், கை வரவில்லை. முதுகுவலிக்குத் தைலம் மட்டும் மறக்காமல் தடவிக்கொள்ளுங்கள். படுத்துவிட்டால் பார்க்கவும் நான்தான் வர வேண்டும்.

லாரி ஆபீஸ் கிளார்க் இந்தக் கடிதத்தைக் கொடுத்ததும் சிரித்திருப்பீர்கள், போன் இருக்கும்போது கடிதமா என்று. போனில் நான் பத்து வார்த்தை பேசினால் நீங்கள் ஒரு "ம்" போடுகிறீர்கள். கடிதத்துக்கு வெறும் "ம்" என்று பதில் எழுத முடியாது அல்லவா? இனி உங்கள் போனை நான் எடுப்பதாக இல்லை. சிட்டுவிடம் பேசுங்கள், என்னிடம் எழுதுங்கள்.

அப்பாவின் காரியமெல்லாம் முடிந்து வீடு வந்து சேர்ந்தோம். நடந்ததை ஒரு முறை எழுதிவிடுகிறேன். அன்று விடிந்ததும் அண்ணன் போன் செய்து, அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, உடனே வா என்றான். உங்களுக்குச் சொன்னேன். நீங்கள் லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வரும் வழியில் இருந்தீர்கள். "இரு, வந்துடறேன். சேர்ந்தே போகலாம். குழந்தையை வச்சுக்கிட்டுத் தனியா அலையாதே" என்றீர்கள். நான் பையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். உங்கள் போன் கொஞ்ச நேரம் அடித்தது, பிறகு அணைந்துவிட்டது. மதியத்துக்கு மேல் பொறுக்க முடியாமல் பஸ் ஏறினேன். நான் போனபோது அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். "இவ்வளவு நேரம் என்ன பண்ணே?" என்று அண்ணி கேட்டாள்.

நீங்கள் மறுநாள் வந்தீர்கள். டயர் வெடித்துவிட்டது, போனில் சார்ஜ் போய்விட்டது என்றீர்கள். டயரை யார் திட்டுவது? விதி என்று வாயை மூடிக்கொண்டேன். கை கேட்க மாட்டேன் என்கிறது. நேற்று ஒரு சட்டைக்குக் காஜா எடுக்கும்போது பட்டன் ஓட்டையை ஏகத்துக்கு வெட்டிவிட்டேன். "இதுல பட்டன் போடறதா, தலையை விடறதா?" என்று தையல்கடைக்காரர் கேட்டார்.

பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
சிட்டு அம்மா


பிப்ரவரி 21

சிட்டு அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் நலமா? தைலம் தடவுகிறேன். இங்கே வெயில் அதிகம். லோடு கிடைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் உனக்கு வந்த ஒரே கடிதத்தையும் என் சிநேகிதன்தான் எழுதிக் கொடுத்தான்.

மாமா நல்ல மனிதர். டிரைவர்தானே என்று ஒரு நாளும் என்னை நினைத்ததில்லை. அவரை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. நடந்தது நடந்துவிட்டது. டயரைப் பற்றி இனிமேல் பேச வேண்டாம்.

பாப்பாவுக்கு இளைப்பு எப்படி இருக்கிறது? மருந்து தீர்வதற்கு முன்னாலேயே வாங்கி வை. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
சிட்டு அப்பா


மார்ச் 9

சிட்டு அப்பாவுக்கு,

வணக்கம். எங்கள் நலம் இருக்கட்டும். நேற்று உங்களைத் தேடி விருந்தாளிகள் வந்தார்கள்.

சட்டைகளைக் குவித்து வைத்துக்கொண்டு காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். என் வயதுப் பெண் ஒருத்தி கையில் ஒரு பை ஆப்பிளோடு வாசலில் நின்றாள். பின்னால் கைத்தடியோடு ஒரு பெரியவர். "லாரி டிரைவர் அண்ணன் வீடு இதுதானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்டுக்காரர் மனுஷன் இல்லைங்க, தெய்வம்!" என்றாள். மனுஷன் இல்லை என்பது எனக்கும் தெரியும், மேலே சொல்லு என்று நினைத்துக்கொண்டு உட்காரச் சொன்னேன்.

அவர்கள் வந்த பஸ் வழியில் நின்றுவிட்டதாம். இறங்கி நின்ற இடத்தில் பெரியவருக்கு நெஞ்சுவலி. எத்தனையோ வண்டிகளுக்குக் கை காட்டினார்களாம், ஒருத்தரும் நிறுத்தவில்லையாம். ஒரு காலி லாரி மட்டும் தாண்டிப் போய் நின்று, ரிவர்ஸிலேயே திரும்பி வந்ததாம். வந்த வழியே வண்டியைத் திருப்பிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்ததாம் அந்தத் தெய்வம். அவளுடைய தம்பி வந்து சேரும் வரை கூடவே இருந்ததாம். லாரிக் கதவில் எழுதியிருந்த ஆபீஸ் பேரை வைத்து விசாரித்து நம் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். "இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா அப்பாவை உயிரோட பார்த்திருக்க முடியாதுன்னு டாக்டர் சொன்னாருங்க" என்றாள்.

என்றைக்கு என்று கேட்டேன். அவள் சொன்னது என் அப்பா செத்த நாள்.

வாய் வரைக்கும் வந்ததை மென்று விழுங்கிவிட்டு டீ போட்டேன். பெரியவர் ஊதி ஊதிக் குடித்தார். சிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தாத்தா, நீங்க சாகலையா?" என்று கேட்டாள். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "இல்லடா கண்ணு, உங்கப்பா சாக விடலை" என்றாள். கிளம்பும்போது பெரியவர் என் தலையில் கை வைத்து, "நீ நல்லா இருக்கணும்மா" என்றார். அந்தக் கையைத் தட்டிவிடலாம் போல இருந்தது. அவர் என்ன செய்தார், பாவம்? அப்படித் தோன்றியதற்கு எனக்கே வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கும் சேர்த்து உங்கள் மேல்தான் ஆத்திரம் வருகிறது.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். ஊரார் அப்பாவைக் காப்பாற்றினால் என் அப்பா தானே பிழைத்துக்கொள்வார் என்று நினைத்தீர்களா? தனக்கு மிஞ்சித்தான் தானம். எனக்கு இருந்தது ஒரே ஒரு அப்பா. அதில் என்ன மிஞ்சியது என்று எடுத்துக் கொடுத்தீர்கள்?

டயர் வெடித்ததாம், டயர். ஆப்பிளையெல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

சிட்டு அம்மா


ஏப்ரல் 2

சிட்டு அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் இருக்கிறீர்களா?

கடிதம் கிடைக்கவில்லையோ என்று ஆபீஸ் கிளார்க்கைக் கேட்டேன். "வாங்கினாரும்மா. நின்னுக்கிட்டே படிச்சாரு. மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு, வாங்கின டீயைக் கூடக் குடிக்காமப் போயிட்டாரு" என்றார். டீயை விட்டுவிட்டுப் போகிற அளவுக்கு உறைத்திருக்கிறது, நாலு வரி எழுதுகிற அளவுக்கு உறைக்கவில்லை.

சரி, நீங்கள் எதையும் விளக்க வேண்டாம். எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். இனிமேல் வழியில் எவர் கை காட்டினாலும் வண்டியை நிறுத்தக் கூடாது. அழுதாலும், கும்பிட்டாலும், ரோட்டில் உருண்டாலும் கூடாது. ஸ்டியரிங்கைப் பிடித்துச் சத்தியம் செய்யுங்கள். முடியாது என்றால் சொல்லிவிடுங்கள். நானும் சிட்டுவும் அண்ணன் வீட்டோடு இருந்துகொள்கிறோம், நீங்கள் ரோட்டோடு குடும்பம் நடத்துங்கள்.

சிட்டு அம்மா


ஏப்ரல் 11

சிட்டு அம்மாவுக்கு,

நலம் என்று எழுதினால் பொய். முன்னால் எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டேன். இதையும் கிழிப்பதற்குள் அனுப்பிவிடுகிறேன்.

முதலில் நானும் தாண்டித்தான் போனேன், உன்னை நினைத்துக்கொண்டு. அப்புறம் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். அந்தப் பெண் கை காட்டுவதை விட்டுவிட்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். கால் தானாக பிரேக்கை மிதித்தது. மாமாவுக்கு உன் அண்ணன் இருக்கிறார், டாக்டர் இருக்கிறார், இந்த ஆளுக்கு இந்த ரோட்டில் யாருமில்லை என்று தோன்றியது. மாமாவுக்கு நீ வேண்டும் என்று தோன்றவில்லை. நீ கண்ணுக்கு எதிரே இல்லை, அவள் இருந்தாள்.

டயர் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. உண்மையைச் சொன்னால் நீ திட்ட மாட்டாய். நல்ல காரியம் செய்தவனைத் திட்டினால் பாவம் என்று உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொள்வாய். டயர் என்றால் தாராளமாகத் திட்டலாம் என்று நினைத்தேன்.

நேற்று இஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நீ கேட்ட சத்தியத்தைச் செய்தேன். எங்கள் ஆட்கள் விளையாட்டுக்குக் கூட அப்படிச் செய்ய மாட்டார்கள். அதை மீறினவன் அப்புறம் வண்டியைத் தொடக் கூடாது என்பது எங்களுக்குள் ஒரு கட்டு. பாப்பாவை அண்ணன் வீட்டில் விட்டுவிடாதே.

சிட்டு அப்பா


ஏப்ரல் 24

சிட்டு அப்பாவுக்கு,

நாங்கள் நலம். சத்தியம் வந்து சேர்ந்தது.

நான் திட்டுவதற்கு நீங்கள் வசதி செய்து கொடுக்க வேண்டாம். அந்தத் தொழிலை நான் சொந்தமாகவே கற்றுக்கொண்டேன்.

அப்பாவின் அறையை ஒழிக்க வேண்டும் என்று அண்ணன் கூப்பிடுகிறான். மே மாதம் சிட்டுவைக் கூட்டிக்கொண்டு போய்வருகிறேன். பஸ்ஸில் போகிறேன். உங்களுக்காகக் காத்திருப்பதாக இல்லை.

சிட்டு அம்மா


மே 17

சிட்டு அம்மாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் இருவரும் அண்ணன் வீட்டிலிருந்து திரும்பிவிட்டீர்களா?

நாலைந்து நாளுக்கு முன்னால் மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் பைக் ஒன்று சாய்ந்து கிடந்தது. அதன் பக்கத்தில் ஒருவர் படுத்திருந்தார். இன்னொருவர் சட்டையைக் கழற்றி வீசிக் காட்டினார். என் லாரியைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, அதைப் பார்த்துவிட்டேன். பெரிய வண்டிக்காரன், நிறுத்துவான் என்று நினைத்திருப்பார்.

நிறுத்தவில்லை. கண்ணாடியில் பார்த்தால் கால் சொன்ன பேச்சைக் கேட்காது என்று, கையை வெளியே நீட்டிக் கண்ணாடியைத் திருப்பிவிட்டேன்.

சத்தியத்தைக் காப்பாற்றினேன். உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும், எனக்கு உன்னை விட்டால் ஆள் கிடையாது. தூக்கம் வரவில்லை. தைலம் தீர்ந்துவிட்டது.

சிட்டு அப்பா


மே 20

சிட்டு அப்பாவுக்கு,

வணக்கம். சிட்டு நலம். இப்போது நலம். பதறாமல் படியுங்கள். உங்களிடமிருந்து கடிதம் வந்து நாளாகிறது. நேற்று நானே போன் செய்தேன், தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது. நீங்கள் எப்போது எல்லைக்கு உள்ளே இருந்தீர்கள்?

அண்ணன் வீட்டிலிருந்து முந்தாநாள் திரும்பினோம். உச்சி வெயிலில் பஸ் புகைந்து நின்றுவிட்டது. மரம் கிடையாது, கடை கிடையாது. புழுதியில் சிட்டுவுக்கு இளைக்க ஆரம்பித்தது. பையில் இருந்த மருந்துக் குப்பியை அழுத்தினால் வெறும் காற்று. வாங்கி வை என்று எழுதியிருந்தீர்கள், உங்கள் மேல் இருந்த கோபத்தில் அந்த வரியைப் படித்ததும் மறந்துவிட்டேன். குழந்தையின் உதடு நிறம் மாறுகிறது. இடுப்பில் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு நடு ரோட்டில் நின்றேன். கார், வேன், லாரி எல்லாம் ஒதுங்கி ஒதுங்கிப் போயின. ஒவ்வொருத்தனையும் திட்டினேன். உன் பொண்டாட்டி உன்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாளாடா என்று ஒருத்தனைப் பார்த்துக் கத்தினேன். கத்திய பிறகுதான் என்ன கத்தினேன் என்று என் காதில் விழுந்தது.

கடைசியில் ஒரு பால் வண்டி நின்றது. தொப்பையும் தொந்தியுமாக ஒரு டிரைவர். "ஏறும்மா. ஆனா ஆஸ்பத்திரி எதிர்த் திசையில இருக்கு. இன்னைக்கு என் வீட்டுக்காரிக்கு இன்டர்வியூ, நான்தான் கூட்டிட்டுப் போகணும். வாசல்ல நிப்பா" என்றார். சொல்லிக்கொண்டே வண்டியைத் திருப்பினார்.

பரவாயில்லை அண்ணா, நீங்கள் போங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாசலில் நிற்பது என்ன என்று உலகத்திலேயே எனக்குத்தானே நன்றாகத் தெரியும்? சொல்லவில்லை. "சீக்கிரம் போங்கண்ணா, சீக்கிரம்" என்றுதான் சொன்னேன். அந்த நேரத்தில் அவள் வேலை போனால் என்ன, குடியே முழுகினால்தான் எனக்கென்ன? உங்கள் ரோட்டில் உட்கார்ந்தாளே ஒருத்தி, அவளுக்கும் நான் ஒரு பொருட்டாக இருந்திருக்க மாட்டேன். அவள் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை.

ஆஸ்பத்திரியில் குழந்தையை உள்ளே தூக்கிக்கொண்டு போய் மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள். வெளியே அந்தப் பால் வண்டிக்காரர் முதல் வேலையாக வீட்டுக்குப் போன் போட்டார். "ஒரு குழந்தைக்கு முடியலை, ஏத்திட்டேன். நான் வர நேரமாகும். திட்டறதை அப்புறமாத் திட்டு. எனக்காக நிக்காதே, ஆட்டோ பிடிச்சுக் கிளம்பு" என்றார். அந்த அம்மா அப்புறமாக எல்லாம் திட்டவில்லை, அப்போதே திட்டினாள். அவர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார், வராந்தா முழுக்கக் கேட்டது. நான் வாங்கிப் பேசினேன். "அக்கா, என் குழந்தைதான். என்னாலதான்..." என்று ஆரம்பித்தேன். "மூச்சு வந்துடுச்சா?" என்று கேட்டாள். வந்துவிட்டது என்றேன். "அப்ப போனை வைங்க. இல்லாட்டி உங்களையும் ஏதாவது சொல்லிடுவேன்" என்றாள். அவள் இன்டர்வியூவுக்கு நேரத்தோடு போய்விட்டாளாம், சாயங்காலம் அவர் போன் செய்து சொன்னார்.

அந்த போனைக் கேட்டதிலிருந்து என் புத்தி ஒரே இடத்தில் சுற்றுகிறது. டயருக்கு விளக்கம் எழுதினீர்கள். அன்று உங்கள் போனுக்கு என்ன ஆயிற்று என்று எழுதவில்லை. அதை எழுதுங்கள்.

சத்தியத்தை விட்டுவிடுங்கள். நான் வாங்கியது, நானே தள்ளிவிட்டேன். உங்கள் ஆட்கள் ஏதாவது கேட்டால் என்னிடம் வரச் சொல்லுங்கள். இந்தக் கடிதம் கிடைப்பதற்குள் யாரையும் தாண்டிப் போயிருக்காதீர்கள்.

சிட்டு அம்மா


ஜூன் 4

சிட்டு அம்மாவுக்கு,

பாப்பாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? மருந்து மூன்று குப்பி வாங்கி வைத்திருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு வண்டிக்கு அடியில் போய் உட்கார்ந்திருந்தேன். நல்லவேளை, எல்லோரும் ரிப்பேர் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நான் அதற்கு முன்னால் எழுதியது உனக்குக் கிடைத்திருக்கும்.

அந்த மலைப்பாதை வளைவுக்குத் திரும்பிப் போனேன். பைக் இல்லை. கீழே இருக்கும் டீக்கடைக்காரரிடம் விசாரித்தேன். "அடுத்து வந்த வேன் ஏத்திக்கிட்டுப் போச்சு. முன்னாடி ஒரு லாரிக்காரன் நிறுத்தாமப் போனானாம், அவன் நல்லாவே இருக்க மாட்டான்" என்றார். அடிபட்டவர் பிழைத்தாரா என்று அவருக்குத் தெரியவில்லை. பக்கத்து ஆஸ்பத்திரிகளில் கேட்டுப் பார்த்தேன். பெயர் என்ன என்று கேட்கிறார்கள். எனக்கு என்ன பெயர் தெரியும்?

நீ கேட்டதற்குப் பதில். போனில் சார்ஜ் இருந்தது. நீ கூப்பிடக் கூப்பிடப் பார்த்துக்கொண்டிருந்தேன், அப்புறம் அணைத்துவிட்டேன். இதோ கிளம்பிவிடலாம், இதோ கிளம்பிவிடலாம் என்று இருந்தேன். எடுத்தால் என்ன சொல்வது என்று பயம்.

இனி நான் என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

சிட்டு அப்பா


ஜூன் 12

சிட்டு அப்பாவுக்கு,

சிட்டு நலம், ஓடுகிறாள். நான் நலமா என்று கேட்காதீர்கள்.

உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தன. கண்ணாடியைத் திருப்பிவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்த அன்று காஜா ஊசியைத் தொடவில்லை. அந்த மனிதருக்கு என்ன ஆகியிருந்தாலும் அதில் பாதி என் தலையில். அந்தப் பாரத்தை நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டாம். அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது நானும் வருகிறேன், மிச்சம் இருக்கும் ஆஸ்பத்திரிகளிலும் கேட்போம்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்கள். நிறுத்துங்கள். யார் கை காட்டினாலும் நிறுத்துங்கள். அந்தப் பெரியவருக்காக வண்டியைத் திருப்பினீர்களே, அது சரி. இதை எழுதும்போது எனக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது, ஆனாலும் சரி. அவர் வீட்டுக்கு வந்தால் மறுபடியும் டீ போட்டுக் கொடுப்பேன்.

போனை அணைத்தீர்கள் பாருங்கள், அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. முயற்சி செய்து பார்த்தேன். ரோட்டில் உட்கார்ந்தவளின் வலி உங்களுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அடித்துக்கொண்டே இருந்த போனுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி இருக்கிறாள் என்பது மட்டும் எப்படித் தெரியாமல் போகும்? "ஒருத்தரை ஏத்தியிருக்கேன், என்னை நம்பி நிக்காதே" என்று ஒரு வார்த்தை. அதற்கு நான் வாய் வலிக்கத் திட்டியிருப்பேன். திட்டிக்கொண்டே கிளம்பியிருப்பேன்.

உங்களுக்கு ஒன்று தெரியாது, நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அன்று நீங்கள் வருகிறீர்களா என்று நம் தெருமுனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது காலைப் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் என் பையையும் குழந்தையையும் பார்த்துவிட்டு, "ஏறலையாம்மா? உட்கார இடம் இருக்கு" என்று கேட்டார். பாவம், எனக்காகக் கொஞ்ச நேரம் நிறுத்திக்கூட வைத்திருந்தார். "இல்லைங்க, என் வீட்டுக்காரர் வர்றாரு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்பா மதியம் வரை இருந்தாராம்.

சிட்டு அம்மா